கார் வாங்குமுன் சற்றே அமர்ந்து கணக்கிடுவோம்

திருக்கோவிலூர் என்றவுடன் தமிழறிந்தோர் நெஞ்சில் எழுவது ஓர் இடைகழி. பெருமழை கொட்டிய இரவொன்றில் அவ்வூரின் சிறியதோர் இடைகழியில் பொய்கையார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுத்த இடத்தில் இருவர் அமர்ந்தனர். அடுத்துப் பேயார் வந்தார்; இருவர் அமர்ந்த இடத்தில் மூவர் நின்றனர். பின்னர் இருளில் நான்காமவர் ஒருவர் தம்மை நெருக்குவதை உணர்ந்து, வந்தவர் இறைவனே எனத் தெளிந்தனர் என்பது வைணவ மரபு போற்றும் செய்தி. பிற சமயங்களில் காணப்படும் நன்மைகளை மதித்துப் போற்றுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்கு அறிவுறுத்தியது. ஆதலின் நம் மண்ணில் வழங்கும் இச்செய்தியை நாமும் அன்போடு எண்ணிப் பார்க்கலாம். இடம் சிறிதாயினும், வருகிறவருக்கு ஒதுங்கி இடந்தரும் உள்ளம் பெரிது என்பதன்றோ அதன் சாரம்!

இந்த இடைகழியை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. திருக்கோவிலூர், முகையூர், விரியூர், எறையூர் முதலிய நம் பங்குகளில் ஆசிரியப் பணியிலும் செவிலியர் பணியிலும் உள்ளோர், சிறு வணிகர், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோர் எனப் பல குடும்பத்தினர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய காரை வாங்கினர். அக்கார்கள் இன்று முதுமை அடைந்துவிட்டன. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், பெற்றோருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பழையதை மாற்ற வேண்டும். ஆனால் பெரிய கார் வாங்கப் பணம் இல்லை. ஊர்த் தெருக்களில் அதற்கு இடமும் இல்லை. சிறிய காராக இருக்க வேண்டும். உள்ளே விசாலமாக இருக்க வேண்டும். நடுவழியில் நில்லாததாகவும் இருக்க வேண்டும். இத்தகைய காரை எப்படித் தெரிந்துகொள்வது?

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்குப் பார்க்கமாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். சீடத்துவத்தைப் பற்றிய அப்போதனையிலுள்ள நடைமுறை அறிவு நம் இல்லறத்துக்கும் பொருந்துவதே. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்த பெருஞ்செலவு காராகும். ஆகவே, ஷோரூமின் பளபளப்புக்குள் நுழையுமுன், வீட்டுத் திண்ணையில் ஒரு தாளும் எழுதுகோலுமாக அமர்வோம்.

மாற்றத்தான் வேண்டுமா?

முதற் கேள்வி, புதிய கார் எது என்பதன்று. பழையது இன்னும் உழைக்குமா என்பதே. தமிழ்நாட்டில் தனியார் கார் பதினைந்து ஆண்டு கடந்தால் ஓடவே கூடாது என்று சட்டம் இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று, பசுமை வரி செலுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

எனவே மாற்றுவதா வேண்டாவா என்பதை மூன்று வகையில் ஆராய வேண்டும். ஒன்று, பழுதின் தன்மை. டயர், பேட்டரி, பிரேக் கட்டை, கிளட்ச் ஆகியவை தேய்ந்து மாறுவது இயல்பு. அவற்றுக்காகக் காரை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடித்தகடு துருவேறி உளுத்துப்போனாலும், எஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகை கக்கினாலும், ரேடியேட்டர் கொதிப்பு அடிக்கடி நிகழ்ந்தாலும், அது வண்டி தன் ஓய்வைக் கேட்கும் குரல் என்று அறிய வேண்டும். இரண்டு, எரிபொருள். இன்று பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட கார்களிற் பல 10 விழுக்காட்டுக் கலப்புக்கே அமைந்தவை. அவற்றில் மைலேஜ் சற்றுக் குறையும்; பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் மெக்கானிக் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். மூன்று, உயிர்க் காப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. முதலிரண்டையும் பட்டறையில் சரிசெய்யலாம். மூன்றாவதை எந்தப் பட்டறையும் சேர்த்துத் தராது.

கடந்த பன்னிரண்டு மாதங்களில் பழைய காருக்குச் செலவிட்ட தொகையை எழுதிக் கூட்டுங்கள். அது புதிய காரின் மூன்று நான்கு மாதத் தவணையைத் தாண்டாது, வண்டியும் ஊருக்குள் மட்டுமே ஓடுகிறது எனில், இன்னும் ஓராண்டு பொறுப்பதே அறிவுடைமை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி செல்ல வேண்டியிருப்பின், மாற்றுவதைத் தள்ளிப்போடுவது சிக்கனமாகாது.

சிறிய காருக்குள் பெரிய இடம்

முற்காலத்தில் இத்தேர்வே நமக்கு இருந்ததில்லை. அம்பாசடர், ஃபியட் எனப் பழகிய பத்மினி, சென்னைப் புறநகரில் உருவான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றில் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தனர் நம் முன்னோர். 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வெளிவந்தபோது, காரென்பது செல்வர்க்கே என்ற எண்ணம் தளரத் தொடங்கியது. ஆயினும் அக்கார் 3.3 மீட்டர் அளவே நீளமும் 1.4 மீட்டர் அளவே உயரமும் கொண்டது. வளர்ந்த நால்வர் அமர்ந்தால் முட்டியும் முதுகும் உரசும்.

இடத்தைப் பெருக்கும் வழியை ஜப்பானியர் கண்டனர். அந்நாட்டில் சிறு காருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் நீளம் 3.4 மீட்டரையும், அகலம் 1.48 மீட்டரையும், எஞ்சின் 660 சி.சி.யையும் தாண்டலாகாது என்பது இன்றைய விதி. பக்கவாட்டிலும் முன்பின்னும் வளர இடமில்லாதபோது அவர்கள் மேல்நோக்கிக் கட்டினர். இருக்கையைத் தாழ்த்திக் கால்களை நீட்டி அமர்வதற்குப் பதிலாக, நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமரச் செய்தனர். நிமிர்ந்து அமர்வோர்க்குக் கால் நீட்டும் இடம் குறைவாகவே போதும். அதனால் அதே நீளத்தில் பின்னிருக்கை விசாலமாயிற்று. 1993-இல் ஜப்பானில் வெளிவந்த சுசுகி வேகன்-ஆர் இவ்வகையில் பெயர்பெற்றது. நம் நாட்டில் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோவும், 1999-இன் இறுதியில் வந்த மாருதி வேகன்-ஆரும் இந்த உயரமான உடலமைப்பை நம் தெருக்களுக்குக் கொணர்ந்தன. தொடக்கத்தில் அவற்றை அழகற்றவை என்று நகைத்தோரும், வீட்டு முதியோர் குனியாமல் ஏறியிறங்கியதைக் கண்டு மனம் மாறினர்.

நம் நாட்டிலும் சட்டமே சிறு காரின் வடிவை வரைந்தது. நீளம் 4 மீட்டருக்கு மேற்படாமலும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மேற்படாமலும் உள்ள கார்களுக்கு 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அதன்பின் கார்களெல்லாம் 4 மீட்டருக்குள் தம்மை அடக்கிக்கொண்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைச் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. நடுத்தரக் குடும்பத்தார் 4 மீட்டர் எல்லைக்குள்ளேயே தேடுவதற்கு இதுவொன்றே போதிய காரணமாகும்.

இன்று கிடைப்பனவற்றுள் சிலவற்றை நோக்குவோம். வேகன்-ஆர் 3.66 மீட்டருக்குள் அடங்கியும், 1.67 மீட்டர் உயரத்தால் தலைக்கும் காலுக்கும் நல்ல இடம் தருகிறது. டிக்கியின் கொள்ளளவு 341 லிட்டர். டாடா டியாகோவின் டிக்கி 242 லிட்டரே. ஐவரும் ஐந்து பெட்டிகளும் செல்வது அரிது. டாடா பஞ்ச் 366 லிட்டரும், ஹூண்டாய் எக்ஸ்டர் 391 லிட்டரும் கொள்ளும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உருவாகும் ரெனால்ட் டிரைபர் 3.99 மீட்டருக்குள்ளேயே எழுவருக்கு இருக்கை தருகிறது. ஆனால் எழுவர் அமர்ந்தால் பைகளுக்கு மீதமிருப்பது 84 லிட்டர் இடமே. மூன்றாம் வரிசையைக் கழற்றி வைத்தால் 625 லிட்டர். எழுவரும் பயணப்பைகளும் ஒருசேர வேண்டுமென்றால் 4 மீட்டருக்குள் அது நடவாது. எரிவாயுக் காரை நாடுவோர், உருளை டிக்கியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்தபின்பே முடிவு செய்க.

அட்டவணையிலுள்ள எண்களைவிட நம் வீட்டு முதியோரின் முழங்கால் மெய்யான அளவுகோல். பாட்டியை ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். கதவைத் திறந்து, பிறர் கைதாங்காமல் அவர் அமர்கிறாரா, எழுகிறாரா என்று பாருங்கள். உயரமான மகனை முன்னிருக்கையில் அமர்த்தி, இருக்கையை அவனுக்கேற்பப் பின்தள்ளிவிட்டு, அவன் பின்னால் நீங்கள் அமர்ந்து பாருங்கள். நடுவில் அமர்பவரின் கால்களுக்கிடையே தரை மேடிட்டு நிற்கிறதா? அவருக்கும் மூன்று புள்ளி இருக்கைப் பட்டை உண்டா? வேளாங்கண்ணிப் பயணத்துக்குக் கொண்டுசெல்லும் பாத்திரப் பையைக் கையோடு எடுத்துப்போய் டிக்கியில் வைத்துப் பார்ப்பதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் கொடுப்பவர் நாம்.

நம்பத்தக்கது எது?

நம்பகமான கார் என்றால் ஒருபோதும் பழுதாகாத கார் என்று பொருளன்று. அத்தகையது இவ்வுலகில் இல்லை. பழுது அரிதாக வருவதும், வந்தால் அருகிலேயே தீர்வதும், தீர்க்க ஆகும் செலவு தாங்கத்தக்கதாக இருப்பதுமே நம்பகம். ஆகவே திருக்கோவிலூரில் வாழ்வோர் சென்னையில் வாழ்வோரின் சொல்லை அப்படியே கொள்ளலாகாது. அங்கு தெருவுக்கொரு பணிமனை. நமக்கோ பலவற்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து விழுப்புரமோ திருவண்ணாமலையோ செல்ல வேண்டும். நீங்கள் எண்ணும் காரின் உதிரிப்பாகம் நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதா, நம் ஊர் மெக்கானிக் அந்த எஞ்சினைத் திறந்து பழகியவரா என்று முதலில் கேளுங்கள். வாடகைக் கார் ஓட்டுநர் இருவரிடம் பேசினால், விளம்பரம் சொல்லாதன யாவும் அரைமணியில் தெரிந்துவிடும். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் எந்தக் காரைத் தம் பிழைப்புக்கென வாங்குகிறாரோ, அதன் உழைப்பை ஐயுற வேண்டியதில்லை.

புதிதாய் அறிமுகமான காரை முதலாண்டிலேயே வாங்குவதைத் தவிர்ப்பது நலம். தொடக்கக் குறைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட ஓராண்டேனும் ஆகும். பல ஆண்டுகளாக விற்பனையிலுள்ள எஞ்சினே நமக்கு ஏற்றது. சிறிய எஞ்சினா, சற்றுப் பெரியதா என்ற கேள்விக்கு நம் சாலையே விடை தரும். ஊருக்குள்ளும் விழுப்புரம் வரையிலும் செல்வோர்க்கு 1,000 சி.சி. போதும். ஐவரை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறுவோர், வளைவுதோறும் முதல் கியருக்கு இறங்கி வண்டி திணறுவதை அறிவர். அவர்க்கு 1,200 சி.சி. தக்கது. கிளட்ச் மிதிக்க வேண்டாத தானியங்கிக் கியர் கால்வலி உடையோர்க்கு உதவும். ஆயினும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னே உருளாமல் பிடித்துக்கொள்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மின்சாரக் காரை விரும்புவோரும் நம்மிடையே உண்டு. வீட்டு வாசலிலேயே மின்னேற்ற வசதியும், நாள்தோறும் குறுகிய தூரப் பயணமும் உள்ளவர்க்கு அது செலவைக் குறைக்கும். ஆனால் புதுச்சேரி ஜிப்மருக்குப் போய்வரவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆகும் என்பதையும், நள்ளிரவில் அவசரமாகப் புறப்பட நேருமென்பதையும் எண்ணி, அதன் மெய்யான ஓட்டத் தூரத்தைக் கேட்டறிக.

நட்சத்திரமும் இருக்கைப் பட்டையும்

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. நம் பகுதிச் சாலைகளுக்கெனத் தனி இடர்களும் உண்டு. கரும்பு அரைவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலையை நோக்கிப் பாரமேற்றிய டிராக்டர்கள் இரவெல்லாம் ஊர்ந்து செல்லும். அவற்றுட் சிலவற்றின் பின்புறத்தில் விளக்கோ ஒளிர்பட்டையோ இராது. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியே களமாகிவிடும். உளுந்தூர்ப்பேட்டையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை அடைந்ததும் பேருந்துகளும் சரக்குந்துகளும் காற்றாய்ப் பறக்கும். இவற்றிடையே செல்லும் சிறு காரின் உடல் உறுதியாக இருத்தல் வேண்டுமன்றோ?

இதை அறிய இன்று வழி உண்டு. காரைச் சுவரில் மோதவிட்டு ஆய்ந்து நட்சத்திரம் வழங்கும் முறையை 2023 அக்டோபர் முதல் பாரத் என்.சி.ஏ.பி. என்ற பெயரில் நம் அரசே நடத்துகிறது; அதற்கு முன்பிருந்தே குளோபல் என்.சி.ஏ.பி. என்ற பன்னாட்டு அமைப்பு ஆய்ந்து வந்தது. அவ்வமைப்பு 2021-இல் பஞ்சுக்கு ஐந்து நட்சத்திரம் அளித்தது. இடவசதியிற் சிறந்த வேகன்-ஆருக்கு 2023-இல் ஒன்றே அளித்தது. அதற்குப் பின் கார்களும் மாறிவருகின்றன. ஆய்வு விதிகளும் மாறிவருகின்றன. ஆகவே நீங்கள் வாங்கும் ஆண்டின் காருக்கு எத்தனை ஏர்பேக், எந்த ஆய்வில் எத்தனை நட்சத்திரம் என்று எழுத்தில் கேளுங்கள். இடம், விலை, உறுதி மூன்றும் நிறைவாய் அமைந்த கார் கிடைப்பது அரிது. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால், விட்டுக்கொடுக்கத் தகாதது உறுதியே. பெரிய தொடுதிரைக்கும் அலுமினியச் சக்கரத்துக்கும் மேற்கூரைக் கண்ணாடிக்கும் கொடுக்கும் பணத்தை, கூடுதல் ஏர்பேக் உள்ள வகைக்குக் கொடுங்கள்.

எத்தனை நட்சத்திரம் இருந்தும், பட்டை அணியாதவரை அவை காக்கமாட்டா. மோதும்போது பட்டை அணியாத பின்னிருக்கைக்காரர் முழுவேகத்தோடு முன்னே எறியப்பட்டு, முன்னால் இருப்பவரையும் நசுக்கிவிடுகிறார். மடியில் வைத்த குழந்தையைத் தாயின் கைகள் தாங்கிப் பிடிக்க இயலாது; குழந்தைக்கெனத் தனி இருக்கை வாங்கிப் பொருத்துவதே முறை. இங்குதான் இடைகழியின் செய்தியை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது. ஐந்து பட்டை உள்ள காரில் எண்மரை அடைத்துக்கொண்டு திருவிழாவுக்குச் செல்வது பிறரன்பு ஆகாது. இருமுறை போய்வருவதே பிறரன்பு.

தவணையும் பெட்ரோலும்

இனி, பணக் கணக்கு. ஆறு இலட்சம் ரூபாய் கடனை ஆண்டுக்கு 9.5 விழுக்காடு வட்டிக்குப் பெறுவதாகக் கொள்வோம். ஏழு ஆண்டுத் தவணையெனில் மாதம் ஏறத்தாழ 9,800 ரூபாய். வட்டி மட்டும் 2 இலட்சத்து 24 ஆயிரம் அளவு. ஐந்தாண்டெனில் மாதம் ஏறத்தாழ 12,600. வட்டி 1 இலட்சத்து 56 ஆயிரம் அளவு. தவணை குறைவாகத் தோன்றும் வழியில் 68 ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஐந்தாண்டில் அடைக்க இயலாத கடன், நம் வருவாய்க்கு மேற்பட்ட காரைத் தேடுகிறோம் என்பதற்கு அடையாளம்.

மைலேஜைப் பற்றி நாம் கொள்ளும் கவலை பெரும்பாலும் அளவு மீறியது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பக் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தந்தால் 500 லிட்டர் வேண்டும். 16 தந்தால் 625 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என வைத்தால் வேறுபாடு ஆண்டுக்கு 12,500 ரூபாய். இது சிறு தொகையன்று; ஆனால் இதற்காக உறுதி குறைந்த காரைத் தேர்வதும், நெருக்கியடித்து அமர்வதும் தகுமா என்று எண்ணுக. காப்பீடு, பராமரிப்பு, டயர் ஆகியவற்றுக்கென மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்கும் பழக்கமும் வேண்டும்.

புதியது வாங்க இயலாதோர் ஓடிய காரை வாங்குவதில் குறையொன்றும் இல்லை. மூன்று நான்கு ஆண்டு ஓடிய நல்ல கார், குறைந்த விலைக்கு நிறைந்த உழைப்பைத் தரும். ஆனால் 2019 ஏப்ரலுக்குப் பின் உருவானதையே தேடுக, அக்காலந்தொட்டே ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயிற்று. இன்னுமொன்று நம் பகுதிக்குச் சிறப்பாகத் தேவையான எச்சரிக்கை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் கரைபுரண்டபோது திருக்கோவிலூர், அரகண்டநல்லூர்ப் பகுதிகள் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. நீரில் மூழ்கிய கார்கள் துடைத்து மெருகேற்றப்பட்டு எங்கிருந்தும் சந்தைக்கு வரக்கூடும். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்துள்ளதா, இருக்கைத் தண்டவாளங்கள் துருப்பிடித்துள்ளனவா, பட்டையை முழுவதும் இழுத்தால் நுனியில் சேற்றுக்கறை உண்டா, கண்ணாடிகளை ஏற்றிவைத்து ஏ.சி.யை இயக்கினால் பூஞ்சை நாற்றம் வருகிறதா என்று பாருங்கள். காப்பீட்டு இழப்பீட்டு வரலாற்றையும் பணிமனைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க நீங்களும் தயங்குங்கள்.

அதே நேர்மை நம்மிடமும் இருத்தல் வேண்டும். நம் பழைய காரை விற்கும்போது அதன் குறையை மறைத்து விற்பது, அறியாத ஒரு குடும்பத்தை இடரில் தள்ளுவதாகும். விற்ற அன்றே 29, 30 எண் படிவங்களில் கையொப்பமிட்டுப் பெயர்மாற்றத்தை முடித்துவிடுக. ஆர்.சி.யில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு, விபத்துக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஓடத் தகுதியற்ற காரைப் பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுவதே நலம்.

எவர் கண்ணுக்காக?

கணக்கெல்லாம் சரியாக முடிந்தபின்னும் நம்மைக் கெடுப்பது ஒன்றுண்டு. அது அயலார் கண். எதிர்வீட்டார் வாங்கியதைவிட ஒரு படி பெரியதாக வேண்டும் என்ற எண்ணம் எத்தனை குடும்பங்களின் நிம்மதியை விழுங்கியுள்ளது! மகளின் திருமணத்துக்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்பதும், பெற்றோர் நிலத்தை அடகு வைத்துக் கொடுப்பதும் கிறிஸ்தவர் எனப்படும் நம்மிடையேயும் நடப்பது வெட்கத்துக்குரியது. வரதட்சணையாய் வந்த கார் எத்தனை விசாலமாயினும், அதில் ஒரு தந்தையின் பெருமூச்சும் உடன் பயணம் செய்யும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013 ஜூலையில் குருமாணவரையும் நவசந்நியாசிகளையும் சந்தித்தபோது, அருள்பணியாளர் புத்தம்புது உயர்வகைக் காரில் வருவதைக் காண்பது தமக்கு வேதனை தருவதாகக் கூறினார். கார் தேவையெனில் எளியதொன்றைத் தேர்ந்துகொள்ளுமாறும், உலகில் எத்தனை குழந்தைகள் பசியால் மடிகின்றனர் என்று எண்ணுமாறும் கேட்டுக்கொண்டார். 2015-இல் அமெரிக்கப் பயணத்தின்போது, சுற்றிலும் பெரிய வாகனங்கள் அணிவகுக்க, அவர் சிறிய ஃபியட் காரில் சென்றதை உலகமே கண்டது. அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1964 டிசம்பரில், நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் அங்குப் பயன்படுத்திய லிங்கன் காரை அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதில் ஒருநாளேனும் பவனி வரவில்லை. பரிசுச் சீட்டு நடத்திக் காரைப் பணமாக்கி, தொழுநோயாளருக்கான சாந்தி நகர் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். ஒரு காரால் விளையக்கூடிய மிகப் பெரிய இடவசதி அதுவன்றோ!

2007 ஜூனில் திருப்பீடம் வெளியிட்ட சாலைப் பயணிகளுக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநருக்கெனப் பத்துக் கட்டளைகளை வகுத்துரைத்தது. முதலாவது கொலை செய்யாதே என்பதே. கார் நம் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகவும் பாவத்துக்கு ஏதுவாகவும் ஆகிவிடலாகாது என்பது ஐந்தாவது. விபத்தில் சிக்கினோர்க்கு உதவுதல், ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருப்போரை ஓட்டவிடாமல் அன்போடு தடுத்தல் முதலியனவும் அவற்றுள் அடங்கும். கார் வாங்குவோர் வீட்டில் ஒருமுறை குடும்பமாக அமர்ந்து இவற்றைப் பேசிக்கொள்வது நன்று.

ஆகவே, எந்தக் கார் என்று கேட்போர்க்கு நாம் சொல்வது இதுவே. நம் கார் எவரை ஏற்றிச் செல்லப் போகிறது என்று முதலில் எழுதுங்கள். வீட்டில் உள்ளோர் யாவர்? ஞாயிறு திருப்பலிக்கு நடந்துவர இயலாத அண்டைவீட்டு முதியவர் எவர்? முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு இரவில் எவரைக் கொண்டுசெல்ல நேரிடும்? அப்பட்டியலுக்கு இடந்தரும் அளவே நமக்குத் தேவையான அளவு. அவர்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் உறுதியே நமக்குத் தேவையான உறுதி. கடனில் மூழ்காமல் அதை ஓட்ட இயலுமெனில், அந்தக் காரே நமக்கு உரியது. அதன் இலச்சினை எதுவாயினும் ஆகுக.

புதிய கார் வந்ததும் ஆலய வளாகத்துக்கு ஓட்டிச் சென்று பங்குத் தந்தையைக் கொண்டு மந்திரிப்பது நம் வழக்கம். பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் படத்தை முன்னே ஒட்டுவோரும் உண்டு. ஆற்றைக் கடக்க இயலாதோரைத் தம் தோளில் சுமந்து கரைசேர்த்தவர் அவர் என்பது மரபு. அவர் படத்தை ஒட்டியவர், இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னிருக்கையில் காலியாக உள்ள இடத்துக்கு இன்று எவரை அழைத்துச் செல்லலாம் என்று ஒருகணம் எண்ணிவிட்டு, அதன்பின் வண்டியை எடுப்பாராக.